அந்தக் கப்பல் படத்தைக் கொஞ்சம் கழற்றி வையுங்கள்

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் என்று நம் கொங்கு நாட்டில் கேட்டரிங் கல்லூரியும் சமையல் பயிற்சிப் பள்ளியும் நடத்துகிற தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கமுங்க.

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரன். 2004இல் உங்களில் ஒருவரிடம் மூன்று வருடம் படித்து முடித்தவன். எந்தக் கல்லூரி என்று சொல்லவில்லை. சொன்னால் அவர் ஒருவர் மட்டும் கோபித்துக்கொள்வார், மற்றவர்கள் ‘நம்மளை இல்லை’ என்று காபி குடிக்கப் போய்விடுவீர்கள். படித்ததும் பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலில் நாலு வருடம், அப்புறம் கப்பலில் இரண்டு காண்ட்ராக்ட், அதற்கப்புறம் ஊருக்கே திரும்பிப் பதினைந்து வருடமாகக் கல்யாணச் சமையலும் ஒரு மில் கேண்டீனும் எடுத்து நடத்துகிறேன். நீங்கள் நோட்டீஸில் போடுகிற சமையலறைகளிலும் நின்றிருக்கிறேன், நீங்கள் போடாத சமையலறைகளிலும் நின்றிருக்கிறேன். எழுதுவதற்கு அந்த ஒரு தகுதிதான்.

போன வாரம் என் அக்கா மகள் பிளஸ் டூ மார்க்கோடு வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கல்லூரியின் பளபள நோட்டீஸ். முன்பக்கம் வெள்ளைக் கப்பல், அதன் பக்கத்தில் உயரத் தொப்பி போட்ட வெளிநாட்டுக்காரர், கீழே ‘100 சதவீத வேலைவாய்ப்பு’. “மாமா, இதைப் படிச்சா நான் என்ன ஆவேன்? கப்பலைத் தவிர வேற ஏதாவது சொல்லுங்க, நான் பவானி ஆத்துலயே முட்டிக்கு மேல எறங்க மாட்டேன்” என்றாள். சிரித்துவிட்டேன். சிரித்து முடித்து அவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அவள் போனபிறகுதான் உறைத்தது, இதெல்லாம் சேர்க்கை நாளில் நீங்கள் சொல்ல வேண்டியது, நான் ஏன் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று.

முதலில் கப்பலைப் பேசிவிடலாம். போகாதே என்று நான் சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டுத் தார்சு போட்டதே கப்பல் காசுதான். ஆனால் அந்தப் படத்தில் இருக்கிற மேல்தளத்தை நான் பார்த்தது மொத்தமே நாலைந்து தடவை. சமையலறை கீழே, தூங்குகிற அறை அதற்கும் கீழே, ஜன்னல் கிடையாது. ஆறிலிருந்து ஒன்பது மாதம் காண்ட்ராக்ட், அது முடிகிறவரை ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டும், முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிற மாதங்களுக்கு எனக்குச் சம்பளம் கிடையாது. இதையும் சொல்லிவிட்டுக் கப்பல் படம் போடுங்கள், எனக்கு ஆட்சேபமே இல்லை.

நீங்கள் சொல்லாமல் விடுகிற இன்னொன்று இருக்கிறது, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். என்னோடு படித்தவனின் அப்பா இரண்டு கறவை எருமையை விற்றும் பொண்டாட்டி நகையை அடகு வைத்தும் ஒரு ஏஜென்ட் கையில் ஒன்றரை லட்சம் கொடுத்தார். பையன் மும்பையில் மூன்று மாதம் ஒரு லாட்ஜில் ஏழு பேரோடு படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தான். எருமை திரும்பி வரவில்லை. அப்போது எங்களுக்கு எதுவும் தெரியாது. இன்றைக்கு விதி தெளிவாக இருக்கிறது: கப்பல் தொழிலாளர்களுக்கான 2006ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்டது, அதன்படி வேலை வாங்கிக் கொடுப்பதற்காக வேலைக்குப் போகிறவனிடம் ஏஜென்ட் கட்டணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், மருத்துவப் பரிசோதனை, எஸ்.டி.சி.டபிள்யூ. என்கிற அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி, கப்பல் வேலையைப் பதிகிற சி.டி.சி. புத்தகம், இந்தச் செலவெல்லாம் நம் தலையில்தான், அது வேறு. ஆனால் ‘சீட்டுக்கு இவ்வளவு’ என்று எவன் கேட்டாலும் அவன் தப்பான ஆள். ஏஜென்டுக்குக் கப்பல் துறைத் தலைமை இயக்ககம் ஆள் சேர்ப்பதற்குக் கொடுத்த ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துபாய், கத்தார் ஹோட்டல் வேலைக்கும் இப்படித்தான், வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஏஜென்டா என்று இ-மைக்ரேட் தளத்தில் தேடிவிட்டுத்தான் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு, முக்கால் மணி நேரம், போதும். மூன்று வருடத்தில் முக்கால் மணி நேரம் கிடைக்கவில்லையா உங்களுக்கு?

சரி, ஹோட்டலுக்கு வருகிறேன்.

பெரிய ஹோட்டல் சமையலறையில் கடைசிப் படி கமி, அதாவது உதவிச் சமையல்காரர். அதிலேயே மூன்று, இரண்டு, ஒன்று என்று மூன்று படி. அதற்குமேல் டெமி, ஒரு பிரிவைப் பார்த்துக்கொள்கிற சி.டி.பி., பெரிய செஃபுக்கு அடுத்த சூ செஃப், கடைசியில் எக்ஸிகியூட்டிவ் செஃப். மூன்று வருடம் படித்து வந்தவனும் பெரும்பாலும் அந்தக் கீழ்ப்படியில்தான் ஏறுகிறான், ஓராண்டு டிப்ளமோ முடித்தவனும் அங்கேதான். எனக்கு 2004இல் முதல் சம்பளம் 3,200 ரூபாய், தங்க இடமும் சாப்பாடும் உண்டு. அப்பா கேட்டார், “ஏனுங்க சாமி, இதுக்கு நம்ம ஊரு பேக்கரி மாஸ்டரே சேத்தி வாங்கறானே?” பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும்: முதல் மூன்று வருடம் சம்பளத்தைப் பார்க்கக் கூடாது, எத்தனை பிரிவில் நின்றோம் என்றுதான் பார்க்க வேண்டும், சாலட் மாதிரிக் குளிர்ந்த உணவு செய்கிற கார்டமாஞ்சர், தந்தூர், பேக்கரி, பெரிய விருந்துகளுக்கான பான்குவெட் என்று நாலும் சுற்றியவனுக்குத்தான் நாலாம் வருடம் விலை ஏறும், ஒரே இடத்தில் நின்று சாலட் வெட்டியவன் ஐந்து வருடம் கழித்தும் சாலட்தான் வெட்டுவான். இதை அன்றைக்கே என் அப்பாவிடம் யாராவது சொல்லியிருந்தால் அவர் அந்த மூன்று வருடம் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் தலை குனிந்திருக்க மாட்டார்.

இரண்டாம் வருடப் பரீட்சையில் நான் கான்சொமே வைத்தேன். முட்டை வெள்ளைக்கருவும் கொத்துக்கறியும் போட்டு மெதுவாகக் காய்ச்சினால் கசடெல்லாம் மேலே ஆடைபோலத் திரண்டு, அடியில் சூப் கண்ணாடி மாதிரி தெளியும். நல்ல வித்தை, இப்போது நினைத்தாலும் பிடிக்கிறது. வேலைக்குப் போன எட்டாவது மாதம் ஹோட்டலில் தமிழ்நாட்டு உணவு விழா வைத்தார்கள். பெரிய செஃப் வங்காளத்துக்காரர், என்னைக் கூப்பிட்டு, நீ ஈரோட்டுப் பையன்தானே, பள்ளிபாளையம் சிக்கன் செய் என்றார். எனக்குத் தெரியாது. தின்றிருக்கிறேன், செய்ததில்லை. நிஜமாகவே ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பள்ளிபாளையத்தில் கட்டிக்கொடுத்த சின்ன அத்தைக்குப் போன் போட்டேன். “மசாலாப் பொடியத் தொடாத கண்ணு. சின்ன வெங்காயம், வெதை உதுத்த வரமொளகா, தேங்காப் பல்லு, கருவேப்பில, மஞ்சத்தூளு, உப்பு, அவ்வளவுதான். தண்ணி ஊத்தாத, கோழி வுடற தண்ணியே போதும்” என்றார். அந்த விழாவில் முதலில் காலியானது அதுதான். செஃப் தோளைத் தட்டினார். எனக்குப் பெருமையைவிட வெட்கம்தான் அதிகம், மூன்று வருடப் படிப்பில் கிடைக்காதது மூன்று நிமிடப் போனில் கிடைத்திருக்கிறது.

பாடத்திட்டம் பல்கலைக்கழகம் போடுவது, எங்கள் கையில் இல்லை என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செய்முறை வகுப்பில் என்ன பொருள் வாங்குவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. சந்தகை ஒரு நாள் செய்யச் சொல்லுங்கள்: இடியாப்பத்தைப் பிழிந்து வேக வைக்கிறோம், சந்தகையை வேக வைத்துப் பிழிகிறோம், அதனாலேயே இரண்டுக்கும் மாவுப் பதம் வேறு, நூலின் இழுவை வேறு. ஒப்புட்டு, கச்சாயம், அரிசியும்பருப்பு, கொள்ளுப் பருப்பு, கம்மஞ்சோறு. இதெல்லாம் வீட்டுச் சமையல்தானே, அம்மாவிடம் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு ஆசிரியர் என்னிடமே சொன்னார். பிரெஞ்சுக்காரனுக்குக் கான்சொமேவும் வீட்டுச் சமையலாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது நோட்டீஸில் இல்லாத சமையலறைகள். அக்கா மகளிடம் நான் அதிக நேரம் பேசியது இதைத்தான்.

கல்யாணச் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் ஆயிரம் இலை என்பது சாதாரண வீட்டு விசேஷம். இதில் நிற்கிற மாஸ்டர்கள் பெரும்பாலும் பத்தாவது தாண்டாதவர்கள், நாற்பது வருடக் கை. அவர்களோடு வேலை செய்ய உங்களிடம் படித்த ஒரு பையன் வந்தான், நல்ல பையன், நாலு பேருக்கான பிரியாணி அளவு நோட்டில் வைத்திருந்தான். அறுநூறு பேருக்கு வேண்டும் என்றதும் எல்லாவற்றையும் நூற்றைம்பதால் பெருக்கினான். தண்ணீரையும்தான். அண்டாவில் ஆவியாகப் போகிற பங்கு சின்னப் பாத்திரத்தில் போவதைவிட ரொம்பக் குறைவு, அடியில் இருக்கிற சூடு இறக்கி வைத்த பிறகும் அரிசியை வேக வைத்துக்கொண்டே இருக்கும், இதெல்லாம் அவன் புத்தகத்தில் இல்லை. மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நாலு குடம் தண்ணீரை எடுத்து வெளியே ஊற்றினார். அவர் ஊற்றியிருக்காவிட்டால் அன்றைக்கு முகூர்த்த வீட்டில் பிரியாணிக் கஞ்சி பரிமாறியிருப்போம். அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். இருபது பேருக்கு மேல் சமைத்தே காட்டாமல் அவனை வெளியே அனுப்பியது நீங்கள்.

சுகாதார வகுப்பும் அப்படித்தான். ஐந்து டிகிரியிலிருந்து அறுபது டிகிரிக்குள் உணவை வைக்காதே, கிருமி பெருகும் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். மதியம் மிச்சமான ஒரு அண்டா சாம்பார் அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கும் என்று கேட்டால் முழிக்கிறார்கள். சாயங்காலம் வரை கை வைத்தால் கதகதப்பாகத்தான் இருக்கும். அதை அகலத் தட்டுகளில் ஊற்றிச் சீக்கிரம் ஆற வைக்க வேண்டும், இல்லை கொட்ட வேண்டும். பெரிய பாத்திரம்தான் எமன் என்று ஒரு நாள் தெர்மாமீட்டரை அண்டாவுக்குள் விட்டுக் காட்டினால் ஜென்மத்துக்கும் மறக்காது.

அப்புறம் கணக்கு. ஐயா, தயவுசெய்து கணக்கு. சமைக்கத் தெரிந்து கணக்குத் தெரியாமல் கடையைச் சாத்தியவர்களை நான் கை விரலில் எண்ண முடியாத அளவுக்குப் பார்த்துவிட்டேன். உயிர்க் கோழி இரண்டு கிலோ வாங்கினால் உரித்துச் சுத்தம் செய்து கையில் நிற்பது ஒன்றரைக் கிலோகூட வராது, ஆட்டில் உயிர் எடைக்குக் கறி பாதிதான், சின்ன வெங்காயம் உரித்தால் தோலோடு போவது எவ்வளவு, உரிக்கிற அம்மாவுக்குக் கூலி எவ்வளவு, ஒட்டன்சத்திரத்தில் தக்காளி விலை இரண்டு வாரத்தில் மூன்று மடங்காகும்போது மூன்று மாதம் முன்னாலேயே இலைக்கு இவ்வளவு என்று பேசி முன்பணம் வாங்கிய நான் என்ன செய்வது. 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று எத்தனை இலைக்கு வரும். பந்தி முடிந்து எச்சில் இலை எண்ணும்போது பெண் வீட்டார் ஒரு எண்ணும் நம் பையன் ஒரு எண்ணும் சொன்னால் யார் பேச்சை எடுப்பது (இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை, பெரியவர் ஒருவரை நடுவில் நிறுத்தித்தான் தீர்க்க வேண்டும்). ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தமே கிடையாது, அந்த இரண்டு மாதம் ஆட்களுக்கு எங்கிருந்து கூலி கொடுப்பது. நான் மில் கேண்டீன் எடுத்ததே இதற்காகத்தான். கல்யாணம் காசு தரும், கேண்டீன் சோறு போடும்.

கேண்டீன் என்றதும் உங்கள் மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. 250 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் கேண்டீன் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இடம் வைத்தார்கள். திருப்பூர், பல்லடம், பெருந்துறை, அவிநாசி என்று இவ்வளவு மில்லும் பனியன் கம்பெனியும் ஹாஸ்டலும் வைத்துக்கொண்டு, மூன்று ஷிப்டுக்கும் சுடச்சுடச் சோறு போட ஆள் கிடைக்காமல் எங்களைப் போன்றவர்கள் அலைகிறோம். இங்கே ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் நம்மூர்க்காரரும் ஒரே வரிசையில் தட்டோடு நிற்கிறார்கள், மூவருக்கும் பிடிக்கிற மாதிரி ஒரு வாரத்து மெனு போடுவது எந்த ஐந்து நட்சத்திர ஹோட்டல் மெனுவுக்கும் குறைந்த மூளை வேலை இல்லை. கோவை ஆஸ்பத்திரிகளின் சமையலறைகளுக்கும் படித்த ஆள் வேண்டும், உப்பில்லாச் சாப்பாடு, சிறுநீரக நோயாளிச் சாப்பாடு, திரவ உணவு என்று ஒரே நேரத்தில் பத்து வகை. ஆனால் கேட்டரிங் படித்தால் டயட்டீஷியன் ஆகிவிடலாம் என்று சொல்லிச் சேர்க்காதீர்கள், அதற்கு ஊட்டச்சத்துப் படிப்பு தனி.

மசாலாக் கம்பெனிகளைப் பாருங்கள். மஞ்சள் வியாபாரத்திலிருந்து 1975இல் கிளம்பிய சக்தி மசாலா ஈரோட்டில்தான் இருக்கிறது, பனீர் போடுகிற மில்கி மிஸ்ட் பெருந்துறையில், உடுமலையில் 1984இல் தொடங்கிய சுகுணா கோழித் தொழிலில். நாமக்கல் முட்டையைச் சொல்லவே வேண்டாம். இந்த மாதிரித் தொழில்களில் ஒரு பொடியோ ரெடிமேட் குழம்போ நூறு தடவை செய்தாலும் ஒரே ருசியில் வர வேண்டும், ஆறு மாதம் கெடாமல் இருக்க வேண்டும். நாக்கும் தராசும் இரண்டும் தெரிந்தவனுக்கு அங்கே வேலை உண்டு. உங்கள் மாணவர்களை வருடத்துக்கு ஒரு தடவை ஊட்டிக்கு ‘இண்டஸ்ட்ரியல் விசிட்’ கூட்டிப்போகிறீர்களே, ஒரு தடவை பெருந்துறைக்குக் கூட்டிப்போங்கள். குளிர் இருக்காது, அவ்வளவுதான்.

பேக்கரியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது, நம்மூரில் முக்குக்கு ஒன்று. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்திருக்க முடிந்தால் போகலாம். பேக்கரி மாஸ்டருக்கு எப்போதும் கிராக்கி, முட்டையும் மைதாவும் எடை போட்டுச் செய்கிற பழக்கம் வந்துவிட்டால் சொந்தக் கடை வைப்பதும் மற்ற சமையலைவிடக் கொஞ்சம் எளிது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பேக்கரிக்கும் சிறுதானியப் பண்டங்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி கொடுக்கிறார்கள், படித்து முடித்தவர்கள்கூட ஒருமுறை போய் வரலாம்.

இன்னும் இரண்டு வழிகளை யாருமே சொல்வதில்லை. ராணுவத்தில் ஜே.சி.ஓ. (இளநிலை அதிகாரி) கேட்டரிங் என்று ஒரு பதவி, பிளஸ் டூவும் ஒரு வருட ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோவும் இருந்தால் விண்ணப்பிக்கலாம், வயது வரம்பு உண்டு, சேரும்போதே தோளில் நட்சத்திரம். வாத்தியார் வேலைக்குப் போக நினைக்கிறவர்களுக்கு ஹோட்டல் மேனேஜ்மென்ட் தேசியக் கவுன்சில் தகுதித் தேர்வு நடத்துகிறது. அதே கவுன்சிலின் நுழைவுத் தேர்வு எழுதினால் சென்னை தரமணியில் மத்திய அரசுக் கல்லூரியிலேயே சேரலாம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு சீட் குறையும், பரவாயில்லை.

சொந்தத் தொழில் பற்றி ‘தொழில்முனைவோர் ஆகலாம்’ என்று ஒரு வரி போட்டு விட்டுவிடுகிறீர்கள். எப்படி ஆவது? முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவோ உரிமமோ எடுக்க வேண்டும், அதில் வருகிற 14 இலக்க எண்ணை பில்லில் போட வேண்டும், வீட்டில் கேக் செய்து விற்கிற பெண்ணுக்கும் இது பொருந்தும். வீட்டு சிலிண்டரைக் கடையில் வைத்தால் மாட்டிக்கொள்வோம். சிறு உணவுத் தொழிலுக்கு 2020இல் வந்த பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் வைத்தார்கள். படித்த இளைஞர்களுக்குத் தமிழக அரசின் நீட்ஸ் திட்டம் தனியாக இருக்கிறது. இரண்டுக்குமே மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேட்கலாம். என்னிடம் வேலை பார்த்த ஒருவன் இப்படி மானியம் வாங்கித்தான் புளியோதரை மிக்ஸும் பருப்புப் பொடியும் போடுகிறான். அவனுக்கு இதைச் சொன்னது கல்லூரி இல்லை, பேங்க் வாசலில் டீக்கடை வைத்திருக்கிறவர்.

பெண் பிள்ளைகள் விஷயம். என் வகுப்பில் அஞ்சு பேர் படித்தார்கள், அதில் கத்தி பிடிப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி. கேம்பஸ் இன்டர்வியூவில் ஐந்து பேரையும் ஃபிரண்ட் ஆபீஸுக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் தள்ளிவிட்டார்கள், சமையலறை ராத்திரி வேலை, வேண்டாம் என்று. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. இன்றைக்கும் நிறைய மாறவில்லை. ஆனால் என் கல்யாணச் சமையலில் ராத்திரி முழுக்கக் காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது, பாத்திரம் விளக்குவது எல்லாம் பெண்கள்தான், அப்போது மட்டும் ராத்திரி என்பது யாருக்கும் உறுத்துவதில்லை. கரண்டி பிடிக்கிற ஆம்பளைக்கு ஒரு கூலி, அவர்களுக்கு அதில் பாதி என்பதுதான் ஊர் வழக்கம். நானும் பல வருடம் அப்படித்தான் கொடுத்தேன், சொல்லக் கூசுகிறது. இப்போது என்னிடம் இரண்டு பெண்கள் மாஸ்டர் கூலி வாங்குகிறார்கள். ராத்திரி வேன் ஏற்பாடு செய்தேன், பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை.

ஓ.டி.சி. என்கிற வெளியிடக் கேட்டரிங் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடித்தால் உங்கள் மாணவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். சனி ஞாயிறு மண்டபங்களில் பந்தி பரிமாற உங்கள் பையன்களைக் கறுப்புப் பேன்ட், வெள்ளைச் சட்டையில் வேனில் ஏற்றி அனுப்புகிறீர்கள், பயிற்சி என்ற பெயரில். பயிற்சிதான், முதல் இரண்டு தடவை. நாற்பதாவது தடவையும் அதே தண்ணீர் ஜக்கைத் தூக்குவது பயிற்சியா? தலைக்கு இவ்வளவு என்று கல்லூரிக்கு நான் கொடுத்த காசில் பையன் கைக்கு எவ்வளவு போனது என்று ஒருநாள் ஒருவனிடம் கேட்டேன், சொன்னான், அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நானும் இதில் கூட்டாளிதான், மறுக்கவில்லை. போன தையிலிருந்து ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், காசைப் பையன் கையிலேயே கொடுக்கிறேன், அதற்குச் சம்மதிக்காத கல்லூரியிலிருந்து ஆள் எடுப்பதில்லை. ஒரு கல்லூரி சம்மதித்தது. இரண்டு கல்லூரி என் போனை எடுப்பதில்லை.

கடைசியாக அந்த ‘100 சதவீத வேலைவாய்ப்பு’. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லமாட்டேன், படித்து முடித்த அன்றைக்கு எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை கிடைக்கத்தான் செய்கிறது. எனக்கு வேண்டியது வேறு கணக்கு: மூன்று வருடம் கழித்து அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? எங்கள் செட்டில் முப்பத்திரண்டு பேர், எனக்குத் தெரிந்து இன்றைக்கும் அடுப்பு முன்னால் நிற்பது ஒன்பது பேர். மற்றவர்களில் ஒருவன் போர்வெல் வண்டி வைத்துத் திருச்செங்கோட்டில் நன்றாக இருக்கிறான், ஒருவன் மொபைல் கடை, மூன்று பேர் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். யாரும் கெட்டுப்போகவில்லை. ஆனால் ஏன் விட்டார்கள், எந்த வருடம் விட்டார்கள் என்று உங்கள் பழைய மாணவர் பட்டியலை எடுத்து ஆளுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கேட்டு, அந்தப் பட்டியலை அப்படியே நோட்டீஸின் பின்பக்கம் போடுங்கள். முன்பக்கம் வேண்டுமானால் கப்பலே இருக்கட்டும்.

அக்கா மகள் இன்னும் முடிவு செய்யவில்லை. ஜூன் வரை நேரம் இருக்கிறது என்கிறாள், பேக்கரிப் பக்கம் சாய்கிற மாதிரித் தெரிகிறது.

வைகாசியில் எனக்கு இன்னும் இரண்டு முகூர்த்தம் பாக்கி, ஒன்று 1,200 இலை. ராத்திரி பதினொரு மணிக்கு அடுப்பு மூட்டுவோம். உங்களில் யாருக்காவது மனம் இருந்தால் பத்து மாணவர்களை அனுப்புங்கள், பந்திக்கு வேண்டாம், அண்டா பக்கம் நிற்கட்டும். அவர்களோடு ஃபுட் புரொடக்‌ஷன் ஆசிரியரும் வந்தால் ரொம்ப சந்தோஷம். நோட்டும் தெர்மாமீட்டரும் கொண்டுவரச் சொல்லுங்கள், உயரத் தொப்பி மட்டும் வேண்டாம், எங்கள் கொட்டகைத் தகரம் தாழ்வு, தலையில் இடிக்கும்.

இப்படிக்கு,
2004 செட் பழைய மாணவன்,
கோபி பக்கம்.